படைச்செலவும் குடிநலமும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ராஜகுளம் என்று ஓர் ஊர் உண்டு. அரசனது குளம் என்பது அப்பெயரின் பொருள். ஏரி, குளம், தாங்கல் என முடியும் ஊர்ப்பெயர்கள் தொண்டை நாட்டில் மிகுதி. ஆண்டு முழுதும் நீர் ஓடும் பேராறு இல்லாத நாடு அது. பாலாறும் செய்யாறும் மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் மணல்வெளியாய்க் கிடப்பன. ஆதலின் அந்நாட்டு முன்னோர் மழைநீரை ஏரிகளில் தேக்கினர். தேக்கிய நீரை மதகுகளால் அளந்து விட்டு உழவு செய்தனர்.

அரசின் கருவூலமும் ஓர் ஏரியே. குடிமக்கள் செலுத்தும் வரி அதனுள் வந்து சேர்கிறது. படை, கல்வி, மருத்துவம், பாசனம், சாலை என்னும் மதகுகளின் வழியே வெளியே செல்கிறது. ஒரு மதகில் மிகுதியாகப் பாய்ந்தால் பிறிதொரு மதகின் ஆயக்கட்டு காயும். இது வெளிப்படை. ஆயின் ஒரு மதகை அடைத்த அளவிலேயே மற்றை வயல்கள் தாமே விளைந்துவிடும் என்று எண்ணுவோரும் உளர். வாய்க்கால் வெட்டாத வயலுக்கு நீர் எவ்வாறு செல்லும்? அடைத்த மதகின்கீழ் அதுகாறும் பயிரிட்டு வந்தவன் நிலை யாது? படைச்செலவைக் குறைத்தலால் ஒரு நாட்டின் பொருளாதாரமும் மக்கள் நலப் பணிகளும் என்னவாகும் என்ற வினாவுக்கு விடை, இவ்விரண்டு கேள்விகளுக்குள்ளேயே அடங்கியுள்ளது.

படை வேண்டாப் பொருள் என்று தமிழ்ச் சான்றோர் கூறினாரல்லர். திருவள்ளுவர் நாடு, அரண், பொருள்செயல்வகை, படைமாட்சி என்னும் அதிகாரங்களை அடுத்தடுத்து நிறுத்தினார். பொருளைச் சொல்லிய பின்னரே படையைச் சொல்கிறார் என்பது நோக்கத்தக்கது. சோழர் வரலாறும் இதனையே காட்டுகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊரார் குடவோலை வழியாக வாரியங்களைத் தேர்ந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. அவ்வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. அதே பராந்தகன் பாண்டியரோடும் ஈழத்தாரோடும் இடைவிடாது பொருதவன். வடக்கே இராட்டிரகூடர் அச்சம் மிக்கபோது அவன் மைந்தன் இராசாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையுடன் தங்கியிருந்தான். போரின்றி இருந்த காலத்தில் அப்படைவீரரைக் கொண்டே வீரநாராயணன் ஏரி வெட்டப்பட்டது என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. இன்று வீராணம் என வழங்குவது அவ்வேரியே. 2004ஆம் ஆண்டு முதல் அதன் நீர் சென்னைக்கும் குடிநீராக வருகிறது. இராசாதித்தனோ 949ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் யானைமீதே மாண்டான். தொண்டை நாடு சோழர் கையினின்றும் நழுவியது. படை தோற்ற இடத்தில் மதகின் திறவுகோலும் பிறர் கைக்குப் போகும். ஆதலின் குறைத்தல் என்பதைப் பேசுமுன், எந்த அளவிற்கு, எந்தக் காலத்தில் என்பதையும் பேசவேண்டும்.

இந்திய நாடு தன் படையை மிகப் பெரிய அளவில் குறைத்த காலம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939இல் ஏறத்தாழ 2 இலட்சம் பேரைக் கொண்டிருந்த இந்தியத் தரைப்படை, 1945இல் 25 இலட்சத்தை எட்டியது. சென்னை மாகாணத்தினின்றும் பெருந்திரளானோர் சேர்ந்திருந்தனர். போர் முடிந்தது. இத்துணைப் பேரையும் வைத்துச் சோறிட எந்த அரசாலும் இயலாது. நாடு பிரிவினையுற்ற 1947ஆம் ஆண்டிற்குள் படையின் தொகை ஐந்து இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. இரண்டே ஆண்டுகளில் இருபது இலட்சம் வீரர் சீருடை களைந்து ஊர் திரும்பினர் என்றால், அவ்வூர்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். மாதந்தோறும் வந்த பணவிடை நின்றது. வண்டி ஓட்டவும் கம்பியில்லாத் தந்தி இயக்கவும் கற்றவன், அவ்விரண்டும் இல்லாத சிற்றூரில் வந்து நின்றான்.

இதனை எதிர்நோக்கி, 1945ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அரசு ஓர் இயக்குநரகத்தைத் தோற்றுவித்தது. படையினின்று விடுபட்டோரையும் போர்த் தொழிற்சாலைகளினின்று நீங்கியோரையும் மீண்டும் குடியமர்த்தி வேலையில் சேர்ப்பது அதன் கடமை. நாடெங்கும் வேலைவாய்ப்பு நிலையங்கள் அதன்கீழ்த் திறக்கப்பட்டன, தொழிற்பயிற்சியும் அளிக்கப்பட்டது. பிரிவினையால் அகதிகளாய் வந்தோர்க்கும் பின்னர் அவை உதவின. 1948இல் வேலை தேடும் எவரும் பதிந்துகொள்ளலாம் என்று கதவு அகலத் திறக்கப்பட்டது. 1956இல் அந்நிலையங்களின் அன்றாட நிருவாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பள்ளியிறுதித் தேர்வில் தேறியவுடன் மாணவர் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு பதிவு செய்யப் போகும் அந்த அலுவலகம், படைக்குறைப்பின் வயிற்றில் பிறந்த பிள்ளை என்பதைப் பலர் அறியார். வீடு திரும்பிய வீரன் பொருட்டு வெட்டிய வாய்க்காலில், நாட்டிலுள்ள இளைஞர் அனைவரும் நீர் முகந்தனர்.

அமெரிக்க ஐக்கிய நாடும் அக்காலத்தில் இதே கடலைத்தான் கடந்தது. 1945இல் அந்நாட்டின் மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் படைக்கே சென்றது. 1948இல் அது இருபதில் ஒரு பங்கினும் குறைந்தது. இவ்வளவு பெருந்தொகை திடீரென நின்றால் ஆலைகள் மூடப்படும், 1930களில் கண்ட வேலையில்லாக் கொடுமை திரும்பும் என்று அறிஞர் பலர் அஞ்சினர். அஞ்சியவாறு நிகழவில்லை. மக்கள் போர்க்காலத்தில் செலவிட வழியின்றிச் சேர்த்து வைத்திருந்த பணம் கடைத்தெருவுக்கு வந்தது; பீரங்கி செய்த ஆலை மகிழுந்து செய்யத் திரும்பியது. அனைத்திற்கும் மேலாக, போர் முடியுமுன்னரே, 1944இல் வீரர்களுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதன்வழிக் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்ற வீரர் ஏறத்தாழ 78 இலட்சம் பேர். இதற்கு நேர்மாறாக, சோவியத்து நாடு சிதைந்தபின், 1992இல் இரசியா ஆயுதக் கொள்முதலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக வெட்டியது. படைக்கலம் அன்றி வேறொன்றும் செய்தறியாத ஆலைகளையே நம்பியிருந்த நகரங்களில் தொழிலாளர்க்குப் பல திங்கள் ஊதியம் இல்லை. மிச்சப்பட்ட பொருள் பள்ளிக்கும் போகவில்லை, மருத்துவமனைக்கும் போகவில்லை. வீழ்ந்துகொண்டிருந்த பொருளாதாரத்தின் பள்ளத்தில் மறைந்தது. இரு நாடுகளும் செய்தது குறைப்பே. ஒன்று முன்னரே வாய்க்கால் வெட்டியிருந்தது, மற்றொன்று வெட்டவில்லை.

படைச்செலவு என்பது ஒரே தொகைபோலத் தோன்றினும் அதனுள் பல பொருள்கள் உள. இந்திய அரசின் 2025–26ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது 6,81,210 கோடி ரூபாய். அவ்வாண்டு மொத்தச் செலவில் ஏறத்தாழ 13 விழுக்காடு. அதே ஆண்டில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் பெற்றது 1,28,650 கோடி. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பெருமூச்சு விடுதல் எளிது. ஆனால் பாதுகாப்புத் தொகையில் 1,60,795 கோடி ஓய்வூதியம். அது பனிமலையிலும் பாலைவனத்திலும் காவல் நின்று மீண்டோர்க்கு நாடு பட்ட கடன். அதிற் கைவைக்க அறம் இடந்தராது. 1,80,000 கோடி புதிய கலங்களுக்கும் கருவிகளுக்கும் ஆகிய மூலதனச் செலவு. எஞ்சியவற்றுள் பெரும்பங்கு வீரர்தம் ஊதியமும் உணவும் உடையும் பராமரிப்புமாகும்.

இவற்றுள் எதனைக் குறைக்கிறோம் என்பதைப் பொறுத்தே விளைவும் அமையும். வெளிநாட்டினின்று வாங்கும் வானூர்தியைக் குறைத்தால் அந்நியச் செலாவணி மிஞ்சும். உள்நாட்டில் எவன் அடுப்பும் அணையாது. உள்நாட்டில் செய்யும் கலத்தைக் குறைத்தால் அவ்வாறன்று. சென்னையை அடுத்த ஆவடியில் 1961இல் நிறுவப்பெற்ற கனரக ஊர்தித் தொழிற்சாலை, 1965 முதல் ‘விசயந்தா’ என்னும் பீரங்கி வண்டியையும், பின்னர் ‘அர்சுன்’ முதலியவற்றையும் செய்தளித்தது. கடைசல் பிடிப்போர், வார்ப்படம் வார்ப்போர், பற்றவைப்போர் எனப் பல்லாயிரவர்க்கு அது வாழ்வளித்தது. 2019இல் சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி ஆகிய நகரங்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கப்பட்டபின் அத்தகையோர் தொகை இன்னும் பெருகும் நிலையில் உள்ளது. ஆயினும் வேலை கிடைக்கிறது என்பதே ஒரு செலவுக்குப் போதிய நியாயம் ஆகாது. பீரங்கிக் குண்டு செய்பவனுக்கும் கூலி உண்டு, மதகு கட்டுபவனுக்கும் கூலி உண்டு. குண்டு வெடித்தபின் எஞ்சுவது புகை. மதகு கட்டியபின் ஆண்டுதோறும் எஞ்சுவது நெல். அச்சம் உள்ள இடத்தில் குண்டும் வேண்டும். தேவைக்கு மிஞ்சிய ஒவ்வொரு குண்டும் கட்டப்படாத ஒரு மதகு.

இனி, மிச்சப்பட்ட நீர் செல்லும் வழியை நோக்குவோம். இந்திய அரசியலமைப்பில் பாதுகாப்பு ஒன்றியப் பட்டியலைச் சேர்ந்தது. பொதுச் சுகாதாரமும் பாசனமும் மாநிலப் பட்டியலின. கல்வி 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் இரு அரசுகட்கும் பொது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் மிகுதியாகச் செலவிடுவன மாநிலங்களே. ஒன்றிய அரசு பெறும் வரியில் மாநிலங்கட்குரிய பங்கினை நிதிக்குழு வரையறுக்கிறது. பதினைந்தாம் நிதிக்குழு 41 விழுக்காடு என்றது. இது வரும் வரியின் பங்கே அன்றி, மிஞ்சும் பணத்தின் பங்கு அன்று. தில்லியில் படைச்செலவு ஆயிரம் கோடி குறைந்தாலும், அதனால் மட்டுமே உத்திரமேரூர் வட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு செங்கல்லும் கூடாது. தனியே ஒரு திட்டம் வகுத்து அனுப்பினாலன்றி அது தலைமதகிலேயே நின்றுவிடும்; கடைமடைக்கு வாராது.

நிகழ்ந்த வரலாறும் இதுவே. விடுதலைக்குப்பின் முதற் பதினைந்தாண்டுகளில் இந்தியா தன் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ 2 விழுக்காட்டையே படைக்குச் செலவிட்டது. அணைகளும் உருக்காலைகளும் அக்காலத்தில் எழுந்தன. சென்னை மாநிலத்தில் காமராசர் ஆட்சியில் ஊர்தோறும் பள்ளிகள் திறந்ததும், 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியதும் அக்காலத்தேதான். 1962இல் சீனத்தோடு நேர்ந்த போர் அந்நிலையை மாற்றியது. படைச்செலவு வருமானத்தில் ஏறத்தாழ இருமடங்கு பங்காயிற்று. 1965இல் பாகிஸ்தானோடு மற்றொரு போர். உடன் வறட்சியும் சேர்ந்தது. மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்த 1966 முதல் மூன்றாண்டுகள் புதிய ஐந்தாண்டுத் திட்டமே இல்லாமற் போயிற்று. 1991இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது நிகழ்ந்தது இதன் மறுபுறம். அப்போது படைச்செலவின் பங்கு குறைக்கப்பட்டது. ஆனால் அரசின் பற்றாக்குறையை நிரப்புவதே அன்றைய தலையாய நோக்கமாயிருந்தது. பள்ளிகளுக்கென அதனைத் திருப்பிவிட எவரும் வாய்க்கால் வெட்டவில்லை. 1999இல் கார்கில் போர் மூண்டபோது படையில் கருவிக்குறை இருந்தமையும் வெளிப்பட்டது.

படையை முற்றிலும் கலைத்த நாடும் உலகில் உண்டு. நடு அமெரிக்காவிலுள்ள கோசுத்தாரிக்கா 1948ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாளில் தன் படையை ஒழித்தது. தலைநகரிலிருந்த படைவீடு அருங்காட்சியகமாக மாறியது. 1949ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் நிலைப்படை இராது என்று எழுதிவைத்தனர். அந்நாடு கல்வியிலும் மக்கள்தம் வாழ்நாளிலும் அண்டை நாடுகளை விஞ்சி நிற்பது உலகறிந்தது. ஆனால் அது காவலரை வைத்துக்கொண்டது. அமெரிக்கக் கண்டத்து நாடுகள் 1947இல் செய்துகொண்ட கூட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையின் நிழலும் அதற்கு இருந்தது. கலைத்த அதே திங்களில் எல்லையில் ஓர் ஊடுருவல் நேர்ந்தபோது அந்நிழலே காத்தது. எல்லையில் தீராப் பகை உள்ள நாடு இதனை அப்படியே பின்பற்றல் இயலாது.

தமிழர்க்கு நெருங்கிய சான்று இலங்கை. அந்நாடு 1945இலேயே, கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்தபோது, இலவசக் கல்வியைத் தந்தது. இலவச மருத்துவமும் பங்கீட்டு அரிசியும் உடன் இருந்தன. அப்போது அதற்குத் தனித்த தரைப்படையே இல்லை. 1949இல்தான் அது அமைந்தது. அதன்பின்னும் பல்லாண்டுகள் நாட்டு வருமானத்தில் ஒரு விழுக்காட்டை ஒட்டிய தொகையே படைக்குச் சென்றது. எழுத்தறிவிலும் மகப்பேற்று நலத்திலும் ஆசிய நாடுகளுக்கு முன்னோடி என அது பெயர் பெற்றது அக்காலத்தில்தான். ஆயின் அந்நிலைக்கு அடியில் இருந்த உள்நாட்டு அமைதியை அந்நாட்டு ஆட்சியாளரே அரித்தனர். 1948இல் மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் வந்தது. நீதி குறைந்த இடத்தில் படை பெருகியது. 1983இல் ஏறத்தாழ 12,000 பேரே இருந்த தரைப்படை, உள்நாட்டுப் போர் முடிந்த 2009இல் இரண்டு இலட்சம் பேரைக் கொண்டதாயிற்று. 1990களின் நடுவில் படைச்செலவு நாட்டு வருமானத்தில் ஐந்து விழுக்காட்டையும் கடந்தது.

போர் ஓய்ந்தது; செலவு ஓயவில்லை. வீரரை வீட்டுக்கு அனுப்ப வழியில்லாமையால் அவர்களைக் கட்டட வேலையிலும், பயிர்த்தொழிலிலும், விடுதி நடத்துவதிலும் அரசு ஈடுபடுத்தியது. வடக்கில் காய்கறி விற்று வாழும் உழவன், ஊதியம் வாங்கும் படைவீரனோடு சந்தையில் போட்டியிட நேர்ந்தது. 2022 ஏப்ரலில் அந்நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாது என அறிவித்தது. எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர், மருத்துவமனைகளில் மருந்தில்லை. அதன் பின்னரே, 2023 சனவரியில், இரண்டு இலட்சமாயிருந்த தரைப்படையை 2024இல் 1,35,000ஆகவும் 2030இல் ஒரு இலட்சமாகவும் குறைக்க முடிவு செய்யப்பட்டது. அவ்வீரருட் பெரும்பாலோர் சிங்களச் சிற்றூர்களின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். அனுப்பிய ஊதியம் நின்றால் ஏங்குவது அங்குள்ள தாயின் அடுப்பே. நலிந்த கருவூலத்தைக் கொண்டு அவர்க்குத் தொழில் காட்டுவது எளிதன்று. நல்ல காலத்தில் செய்யாத குறைப்பைக் கெட்ட காலத்தில் செய்வதன் துன்பம் இது.

எனினும் படை சுருங்குவதால் மீள்வது பணம் மட்டுமன்று. நிலமும் கடலும் மீள்கின்றன. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் ஆறாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் 1990 முதல் படையினர் வசம் இருந்தது. வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைந்த செம்மண் நிலம் அது. அங்குள்ள மயிலிட்டி, போருக்கு முன் அத்தீவின் சிறந்த மீன்பிடித் துறைகளுள் ஒன்று. 2017 சூலையில் அத்துறை விடுவிக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகள் ஏதிலியர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்த மீனவர் திரும்பி வந்தனர். வீடுகள் இடிந்து கிடந்தன; கிணறுகள் தூர்ந்து கிடந்தன; படகு கட்டும் துறையும் பழுதுற்றிருந்தது. படை விலகியதால் அரசுக்கு முதலில் கிடைத்தது மிச்சமன்று; செலவே. வீடு கட்ட, கிணறு தூர்வார, துறையைச் செப்பனிடப் பொருள் வேண்டியிருந்தது. புதுக்கப்பட்ட துறை 2019இல் திறக்கப்பட்டது. அவ்விரண்டாண்டுச் செலவுக்குப் பின்னரே மயிலிட்டி மீன் மீண்டும் சந்தைக்கு வந்தது.